ஹார்பர் லைனில் வௌவால் சீமாட்டி வதம்

வாழ்க வெங்கடராமன்! செம்பூர்த் திலகம், கோப்புக்கடல் நீந்திக் குமாஸ்தாக்கரை சேர்ந்த கலம், மூவர் அமரும் பலகையில் நாலாமவனாய் அரைத் தொடை ஊன்றி ஊர் சேரும் ஆசனவித்தகன், ஆளில்லா அறையில் விளக்கெரியக் கண்டால் பொறாது எழுந்தோடி அணைக்கும் பாலக்காட்டுச் சிக்கனச் சிங்கம், ஐம்பதாம் அகவையை எட்டிப் பார்க்கும் அண்ணல் வாழ்க! அவன் பெருவிரல்கள் இரண்டும் வாழ்க! அவ்விரல்கள் ஆற்றிய அருஞ்சமரைப் பாடப் புகுந்தவனோ அதே ஆட்டத்தின் முதல் குழியில் விழுந்து இன்னும் ஏறாதவன். ஆடத் தெரியாதவன்தானே வருணனை சொல்ல உட்காருவான்? அவையோர் பொறுத்தருள்க.

களம் யாதெனக் கேட்பீராயின், இரு உள்ளங்கையில் அடங்கும் ஒரு விளையாட்டுப் பெட்டி. அதனுள் ஓங்கி நிற்கிறது ஒரு கருங்கோட்டை. தேயாத முழுநிலவும், நூலாம்படை தொங்கும் சரவிளக்கும், தடுக்கினால் எழுந்து துரத்தும் எலும்புக்கூடுகளும், வாசிப்பாரின்றியே அழும் ஆர்கன் வாத்தியமும் உடைத்து அக்கோட்டை. அங்கே முன்னே ஓடலாம், பின்னே ஓடலாம், தாவலாம், அடிக்கலாம். மும்பையின் ஹார்பர் லைன் மின்வண்டியில் போலவே பக்கவாட்டில் விலக மட்டும் வழியில்லை. மணிக்கூண்டுக்காரன் மகளொருத்தி ஒரு கையில் லாந்தரும் மறு கையில் இரும்புக்கோலும் ஏந்தி அறையறையாகப் பகை முடித்து மேலேறுகிறாள். உச்சியில், ஊர் உதிரம் உண்டு கொழுத்த வௌவால் சீமாட்டி வீற்றிருக்கிறாள். அவள் வீழ்ந்தால் கோட்டைக்கு விடியும். அந்த விடியலை வெங்கடராமன் வீட்டில் யாரும் கண்டதில்லை.

பெட்டி அவனுடையதன்று, மகள் சாருலதாவுடையது. பெங்களூரில் வேலை பார்ப்பவள், விடுப்பில் வந்தபோது கொண்டுவந்தாள். அதற்கு முன் தந்தையும் மகளும் போனில் பேசியதெல்லாம் "சாப்ட்டியா" என்பதும் "ஆச்சு" என்பதுமே. மூளையைத் தின்னும் சமாசாரம் இது என்று முதல் நாள் உபந்நியாசம் செய்த நம் தலைவன், மறுநாள் யாருமில்லாத நேரம் ஒரே ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தான். குழியில் விழுந்தான். மானம் போயிற்று. மானத்தைத் தேடிப் புறப்பட்டவன் பிறகு திரும்பவே இல்லை. எந்தச் சுவரை உடைத்தால் மருந்துக்குப்பி கிடைக்கும், எந்த மாடிப்படி பொய்ப்படி என்று அப்பனும் பெண்ணும் சாப்பாட்டு மேசையில் வாதாடுவதைக் கேட்ட அவன் மனைவி அம்மிணி, எங்கே ஃப்ளாட் பார்க்கிறீர்கள் என்று விசாரித்தாள். மகள் சின்னவளாய் இருந்த நாளுக்குப் பின் அந்த வீட்டில் இத்தனை பேச்சு கேட்டதில்லை. அந்த மகிழ்ச்சியை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வெங்கடராமன் கூடுதலாக ஒரு கரண்டி சாதம் போட்டுக்கொள்வான்.

நாளைக் காலை சாருலதா ஊர் திரும்புகிறாள். பெட்டியும் உடன் செல்லும். ஆகவே அன்று அலுவலகம் கிளம்புமுன், டிபன் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கியபடி, நம் தலைவன் சூளுரைத்தான்:

"இன்னிக்கு அவளைத் தீர்த்துடறேன். கடைசிக் காட்சியை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கறோம். அதுக்கப்புறம் நீ பெட்டியை எடுத்துண்டு போ."

மகள் பெட்டியைத் தந்து வீரவிடை அளித்தாள். அம்மிணியோ வரும்போது தயிர் வாங்கி வரும்படி மட்டும் பணித்தாள்.

மாலை வண்டியில் நாலாம் சீட்டு வாய்த்தது. தன் கோலம் தெரியாதவனல்லன் வெங்கடராமன். மூக்கு நுனியில் கண்ணாடி, வயிற்றின் மேல் தோல்பை, பல்லிடுக்கில் நாக்கு. எதிர்ச் சீட்டுக் கல்லூரிப் பையன்கள் இந்தக் கிழம் என்ன செய்கிறது என்று பார்ப்பதும் தெரியும். ஆயினும் வீரன் வெட்கத்துக்கு நேரம் ஒதுக்கலாமோ? காட்டன் கிரீன் கடக்கையில் மெழுகுவர்த்தி எரியும் அறையை அடைந்தான். ஆட்டத்தை ஸேவ் செய்ய அக்கோட்டையில் அதுவே கடைசிப் புகலிடம். ஸேவ் செய்தான், குலதெய்வத்தை நினைத்தான், உச்சிக் கதவைத் தள்ளினான்.

சீமாட்டி எழுந்தாள். கரும்பட்டு விரித்தாற்போல் சிறகு விரித்தாள். வடாலாவில் ஒரு முறையும் ஜி.டி.பி. நகரில் ஒரு முறையும் அவனைக் கொன்றாள். மூன்றாம் முறையாகப் புகுந்தபோதுதான் அவள் குறிப்பு அவனுக்குப் பிடிபட்டது: பாயுமுன் இடச்சிறகைச் சற்றே தாழ்த்துகிறாள்! அலுவலகத்தில் மேலதிகாரி கத்துமுன் பேனாவை மூடுவதைக் கண்டுகொண்ட கண்ணல்லவா அது. இரும்புக்கோல் சுழன்றது. சீமாட்டியின் உயிர்க்கோடு தேய்ந்தது.

அவ்வேளையில்தான் விதி ஒரு மூட்டையோடு வந்தது. ஜி.டி.பி. நகரில் ஏறியிருந்த ஒருவர், தோல்பைகள் அடங்கிய மூட்டையை அணைத்தபடி குனிந்து, "குர்லா உத்ரேகா க்யா?" என்று, குர்லாவில் இறங்குவானா எனக் கேட்டார். இறங்குகிறவனிடம் முன்னதாகக் கேட்டுவைப்பவருக்கே அந்த இடம் என்பது மும்பை ரயிலின் எழுதாச் சாசனம். ஆமென்று சொன்னபின் மீறினவன் அந்த ரயில்பெட்டியில் பிறகு முகம் காட்ட முடியாது. வெங்கடராமனோ செம்பூர்க்காரன். ஆனால் சீமாட்டி சிறகு தாழ்த்திக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது கருத்தில் ஏறாமல், "ஹாங், ஹாங்" என்றான் கர்ணனைத் தோற்கடித்த கொடைவள்ளல்.

குர்லா வந்தது. மூட்டைக்காரர் தோளைத் தொட்டார். பலகையில் இருந்த மூவரும் சாசனத்தின் சாட்சிகளாய் அவனைப் பார்த்தனர். நிறுத்திவைக்கும் பொத்தான் உண்டுதான். பாட்டரிக் கோடோ சிவந்துவிட்டது, காத்திருந்தால் அதுவும் கரையும். சொன்ன சொல் காக்க எழுந்தான் வெங்கடராமன். எழுந்தவன் இறங்கவுமில்லை, கைப்பிடி பற்றவுமில்லை. பற்றினால் பொத்தானை யார் அழுத்துவது? குர்லாவில் ஏறிய கூட்டம் அலையாய் மோத, அவன் புயலில் சிக்கிய வாழைபோல் ஆடினான். சீமாட்டி ஒரு கடி கடித்தாள்.

"அடிப் பாவி, கொல்றாளே," என்றான் வாய்விட்டு.

அமர்ந்தவர் நிமிர்ந்தார். பெயர் காசிம், தாராவியில் தோல்பை தைப்பவர், வீடு சீத்தா கேம்ப். பெட்டியின் திரையைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், விஷயம் விளங்கிற்று. ஒரு கையால் மூட்டையை அணைத்துக்கொண்டு மறு கையால் வெங்கடராமனின் இடுப்பு பெல்ட்டை இறுகப் பற்றினார்.

"நீங்க அடிங்க அண்ணாச்சி. நான் புடிச்சுக்கிடுதேன்."

என்னே அந்தப் பிடி! என்னே அந்த பெல்ட்டின் பேறு! திலக் நகர் தாண்டி வண்டி குலுங்க, எதிர்ச் சீட்டுப் பையன்கள் எட்டிப் பார்க்க, யாரோ மராத்தியில் மாமா குதியுங்கள் என்று யோசனை சொல்ல, சீமாட்டி ஒரு வௌவால் ஆயிரம் வௌவாலாய்ச் சிதறிப் பாய, மணிக்கூண்டுக்காரன் மகள் லாந்தரை உயர்த்தி இரும்புக்கோலைச் சுழற்றித் தாவி விழுந்து உருண்டெழுந்து மீண்டும் தாவ, காசிம் இழுத்த பக்கம் சாய்ந்தும் விட்ட பக்கம் நிமிர்ந்தும் வெங்கடராமன் பெருவிரல் தேய அழுத்த, செம்பூர் வந்து நின்று கதவுவழி ஆட்களைக் கொட்டிக் கிளம்பிய அந்தக் கணத்தில், இடச்சிறகு தாழ்ந்தது, கோல் பாய்ந்தது, வௌவால் சீமாட்டி சாம்பலாய் உதிர்ந்தாள்! ரயில்பெட்டி முழுதும் ஒரு சிறு ஆரவாரம் எழுந்தது. செம்பூர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

கோட்டையின் ஜன்னல்களில் முதல் வெளிச்சம் படர்ந்தது. கடைசிக் காட்சி தொடங்குகிறது! வெங்கடராமன் பதறினான். மகளில்லாமல் இதைப் பார்ப்பதோ? சிவந்த பாட்டரிக் கோடு வேறு கண்ணைச் சிமிட்டியது. ஆளில்லா அறையில் விளக்கெரியப் பொறாத அந்த மாண்பு, தலைமுறை தலைமுறையாய்ச் சுவிட்சணைத்து வந்த அந்தச் சிக்கனம், இக்கணம் அவன் விரலில் வந்து இறங்கிற்று. மிச்ச சார்ஜ் வீட்டுக்காகட்டும் என்று பெட்டியை அடியோடு அணைத்தான். காசிம் பெல்ட்டை விட்டார். கோவண்டியில் இறங்கி, எதிர்வண்டி பிடித்து, வெற்றிவேந்தன் வீடு திரும்பினான்.

வாசலிலேயே சொன்னான்: சிறகு தாழ்த்தியதை, மூட்டையை, பெல்ட்டை. சாருலதா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே சார்ஜரைச் செருகிப் பெட்டியை உயிர்ப்பித்தாள். இருவரும் சோபாவில் நெருங்கி அமர்ந்தனர். திரை ஒளிர்ந்தது.

மெழுகுவர்த்தி அறை. மேலே, மூடிய உச்சிக் கதவு. அதன் பின்னே, ஒரு சிறகும் குறையாத சீமாட்டி.

"கடைசிக் காட்சி முடிஞ்சாத்தான்ப்பா ஸேவ் ஆகும்," என்றாள் சாருலதா. "ஏன் அணைச்சே?"

"சார்ஜ் போயிடுமேன்னு." தரையைப் பார்த்தபடி தொடர்ந்தான்: "நீ இல்லாம பார்க்கப் பிடிக்கலை."

அந்தோ! கடல் கடந்து பகை முடித்துக் கரையில் கலம் கவிழ்ந்தாற்போல் கவிழ்ந்தது வெங்கடராமன் வெற்றி; காசிமின் கைப்பிடியும் ரயில்பெட்டியின் ஆரவாரமும் ஹார்பர் லைன் காற்றோடு போயின; முரசறைய வந்தவர் முரசைச் சுருட்டிக்கொண்டு திரும்பினர். சாருலதா எழுந்து, கட்டி வைத்திருந்த பயணப்பையைத் திறந்து, பெட்டிக்கான உறையை எடுத்தாள். பெட்டியை உறையிலிட்டாள். சார்ஜரைப் பிடுங்கி வயரைச் சுற்றினாள். இரண்டையும் ஃப்ரிட்ஜின் மேல், அப்பாவின் கண்ணாடிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கொன்னதும் வீடியோ கால் பண்ணு. அதுக்குள்ள அணைச்சுத் தொலைக்காதே," என்றாள்.

சமையலறையிலிருந்து அம்மிணி தயிர் எங்கே என்று கேட்டாள். அப்பாவும் மகளும் செருப்பை மாட்டிக்கொண்டு தயிர் வாங்கப் போனார்கள்.