நம்ம ஊடுதானுங்க

பல்லடம் தாண்டியதும் காரின் மூக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது.

"ஏனுங்க, வண்டி பொகையுதுங்க" என்றாள் ராமாமணி.

"பொகையில்ல, ஆவி" என்று திருத்தினார் பாலகோபால். ஆர்.எஸ்.புரத்தில் பம்ப்செட் கடை வைத்திருப்பவர். தண்ணீர், மோட்டார் இரண்டிலும் தனக்கு யாரும் சொல்லித் தர முடியாது என்பது அவர் எண்ணம்.

"ஆவியோ பேயோ, ராகு காலத்துக்கு முன்னாடி தாராபுரம் போயாகணுமுங்க. இன்னிக்குத் தட்டு மாத்தாம இந்தக் காரு கோயமுத்தூருக்குத் திரும்பாது. சொல்லிப்போட்டேன்."

அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. ஆனால் பிடிவாதம் என்று வந்துவிட்டால் ராமாமணிக்குக் கொங்குத் தமிழ்தான் வரும்.

அவள் பிடிவாதத்துக்குக் காரணம் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது. மகன் யஷ்வந்த். இதுவரை பார்த்த பெண்களில் ஒருத்திக்குப் பல் சரியில்லை, ஒருத்திக்குக் குரல் சரியில்லை என்று தட்டிக்கழித்தவன். அவன் சரி என்று சொன்ன ஒரே இடத்தில் பெண் வேண்டாம் என்றுவிட்டாள். அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆடி முடிந்ததும் அவன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறான். பேசி முடிக்காமல் அனுப்பினால் பையன் கைவிட்டுப் போய்விடுவான் என்று ராமாமணி நிஜமாகவே பயந்தாள். தரகர் அங்கப்பன் கொண்டுவந்த தாராபுரத்து ஜாதகம் பொருந்தியிருந்தது. பெண் பெயர் சாய்ப்ரியா. இதை விட்டால் வேறு ஜாதகம் கையில் இல்லை.

பாலகோபால் இறங்கி, குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டரில் ஊற்றினார். அது அப்படியே அடிவழியாக ரோட்டுக்கு வந்து சேர்ந்தது.

"மெக்கானிக்கக் கூப்பிடலாம்ப்பா" என்றான் யஷ்வந்த்.

"மெக்கானிக் எதுக்குடா? ஓட்டைதான, மஞ்சத்தூள் போட்டா அடைஞ்சுபோகும்."

"மஞ்சத்தூளுக்கு இந்த நடுரோட்டுல எங்கீங்க போறது?" என்ற ராமாமணி, புருஷனின் கண் போன திசையைப் பார்த்துப் பதறினாள். "ஐயோ, அது தாம்பூலத் தட்டுல பொண்ணுக்கு வெச்சதுங்க!"

"மொதல்ல பொண்ணு ஊட்டுக்குப் போய்ச் சேர வேண்டாமா, அம்மணி?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு பொட்டலத்தைக் கொடுத்தாள். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் வாங்கி, மஞ்சளைக் கரைத்து ஊற்றியதும் ஒழுகல் நின்றுவிட்டது. கொஞ்ச தூரம் ஓட்டினார். பாலகோபாலுக்குப் பெருமை தாங்கவில்லை. எப்படி அடைத்திருக்கிறது என்று மகனுக்குக் காட்டியே தீர வேண்டும் என்று வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்தார்.

துணி சுற்றித் திருகியதால் தோல் தப்பியது. சட்டை, வேட்டி, மீசை எதுவும் தப்பவில்லை. பெண் பார்ப்பதற்காக வாங்கிய புது வெள்ளை வேட்டி, பழனி யாத்திரைக்குப் போகிறவர் வேட்டி மாதிரி ஆகிவிட்டது.

"மங்களகரமாத்தான் இருக்கு" என்றான் யஷ்வந்த்.

"வாய மூடீட்டு ஏறுடா."

போன நேரத்தைப் பிடிக்க வேண்டுமே. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பாலகோபால் கேட்டார். "ஏனுங்க, தாராபுரத்துக்குக் குறுக்கு வழி இருக்குங்களா?"

"இருக்குங்க" என்றார் அவர். இவ்வளவு ஆசையாகக் கேட்கிற மனுஷனிடம் இல்லை என்று சொல்ல அந்தப் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. குறுக்கு வழி ஒரு சோளக்காட்டுக்குள் நுழைந்து, ஒரு கிணற்றடியில் முடிந்தது. அங்கிருந்து ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். குலுக்கலில் வாழைப்பழச் சீப்பு யஷ்வந்துக்கு அடியில் போய்ச் சேர்ந்திருந்தது.

தாராபுரத்தில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அங்கப்பனைக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "அமராவதிப் பாலத்துக்குப் பக்கம், பச்சை கேட்டு" என்று அவர் சொன்னது மட்டும் ராமாமணிக்கு ஞாபகம் இருந்தது.

"பச்சை கேட்டுங்களா? அதா, தெரியுது பாருங்க" என்றார் பெட்டிக்கடைக்காரர்.

தெரிந்தது. கேட் முன்னால் பேனட்டைத் திறந்தபடி ஒரு அம்பாசிடர் நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே சோபாவில் பட்டுக்கரை வேட்டியில் ஒருவர், பக்கத்தில் மனைவி, ஜன்னலோரம் ஒரு பெண். இவர்களைப் பார்த்ததும் மூவரும் எழுந்துவிட்டார்கள்.

"வாங்க, வாங்க!" என்றார் பட்டுக்கரை.

"நேரமாயிப்போச்சுங்க. மன்னிச்சுக்கணும்" என்றார் பாலகோபால்.

"அட, நாங்கதானுங்க தொந்தரவு பண்ணிப்போட்டோம். உக்காருங்க. எம்பேரு தாமோதரசாமி."

என்ன தன்மை, என்ன பணிவு! பாலகோபால் உருகிவிட்டார். "நம்ம ஊடு ரொம்ப அருமையா இருக்குங்க" என்றார். கொங்கு நாட்டில் 'உங்க ஊடு' என்று சொல்வது மரியாதையில்லை. எல்லாருடையதும் 'நம்ம' தான்.

"ஆமாங்க, நம்ம ஊடு மாதிரி காத்தோட்டம் வருமுங்களா!" என்றார் தாமோதரசாமி.

சொந்த வீட்டை இப்படியா புகழ்வார்கள் என்று ராமாமணிக்குத் தோன்றியது. மின்விசிறியைப் போட எழுந்த தாமோதரசாமி நாலு சுவிட்சைத் தட்டி, எல்லா விளக்கையும் எரியவிட்டபின் விசிறியைக் கண்டுபிடித்தார். சம்பந்தி வந்த பதற்றம், பாவம் என்று பாலகோபால் நினைத்துக்கொண்டார்.

சமையற்கார அம்மாள் சுப்பாத்தாள் ஆளுக்கொரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"ரங்கநாயகி, சாருக்கு டவல் குடும்மா" என்று பெண்ணின் அம்மா தெலுங்கில் சொன்னாள்.

ராமாமணிக்குப் பாதி உயிர் வந்தது, பாதி போனது. தெலுங்கு சரி. ரங்கநாயகியா? "சாய்ப்ரியான்னுதான சொன்னாரு?" என்று புருஷன் காதில் கேட்டாள்.

"ஜாதகப் பேரு வேற, கூப்பிடற பேரு வேறயா இருக்கும். பேசாம இரு."

பெண் தன் கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். பாலகோபாலின் மீசையைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. "ரேடியேட்டருங்களா? மஞ்சளவிட முட்டை வெள்ளைக்கரு நல்லா அடைக்குமுங்க."

யஷ்வந்த் நிமிர்ந்து உட்கார்ந்தான். பேச ஆரம்பித்தார்கள். ரேடியேட்டரில் தொடங்கி கார்புரேட்டர் வழியாக எங்கெங்கோ போனது பேச்சு. கொஞ்ச நேரம் கழித்து அவன் அம்மா பக்கம் சாய்ந்து, "சரிம்மா" என்றான்.

"என்ன சரி?"

"சரின்னா சரிதான்."

ராமாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இனி ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. எழுந்து நின்று நேராகவே கேட்டுவிட்டாள். "ஏனுங்க, சுத்தி வளைக்கல. உங்க பொண்ண எங்க பையனுக்குப் புடிச்சிருக்கு, எங்களுக்கும் புடிச்சிருக்கு. தட்டு மாத்திக்கலாமுங்களா?"

தாமோதரசாமி மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்துச் சிரித்தாள். அந்த அம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நாம இன்னும் பழனிக்கே போகலியேங்க! அதுக்குள்ள முருகன் கண்ணத் தொறந்துட்டான்."

"கல்யாணம் முடிஞ்சு எல்லாரும் சேர்ந்தே பழனிக்குப் போயிக்கலாமுங்க" என்றார் பாலகோபால் பெருந்தன்மையாக.

தாமோதரசாமி ஓடிப்போய் அம்பாசிடரிலிருந்து தேங்காய், பழம், வெற்றிலை, பூ எல்லாம் நிறைந்த ஒரு கூடையைக் கொண்டுவந்தார். காரிலேயே தயாராக வைத்திருக்கிறார்களே என்று ராமாமணி அசந்துபோனாள். தன் பையில் நசுங்காமல் மிஞ்சியதை அவளும் எடுத்து வைத்தாள். சுப்பாத்தாள் கொடுத்த இரண்டு எவர்சில்வர் தட்டில் பரப்பி, ராகு காலம் பிறப்பதற்குள் மாற்றிக்கொண்டார்கள். ராமாமணி பெண்ணின் தலையில் பூ வைத்து, "எங்க ஊட்டுக்கு வந்துரு கண்ணு" என்று கன்னத்தைத் தடவினாள். மனசில் இருந்த பாரம் அத்தனையும் இறங்கிவிட்டது.

எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள்.

"வாரோமுங்க" என்று கும்பிட்டார் பாலகோபால். "இனி நம்ம ஊட்டுக்கு அடிக்கடி வருவோமுங்க."

"நாங்களும்தானுங்க வருவோம். எங்க வண்டியும் ஆறிப்போச்சு, வாரோமுங்க" என்று தாமோதரசாமியும் கும்பிட்டார்.

"வெயிலா இருக்குது. நீங்க உள்ள போங்க."

"அதெப்படீங்க? நீங்க மொதல்ல உள்ள போங்க."

"பரவால்லீங்க, நீங்க போங்க."

"நீங்க நிக்கறப்ப நாங்க எப்படீங்க போறது?"

இரண்டு குடும்பமும் கும்பிட்ட கை இறங்காமல் கேட்டருகே நின்றன. அப்போது சுப்பாத்தாள் பூட்டும் சாவியுமாக வெளியே வந்தாள்.

"ஏனுங்க, நீங்க ரெண்டு குடும்பமுமே கெளம்பறதுன்னா நான் கதவப் பூட்டிக்கறேனுங்க. திருப்பதிக்குப் போன எங்க மொதலாளியம்மா வந்து, நம்ம ஊட்டுல தட்டு மாத்தீட்டுப் போனது யாருன்னு கேட்டா, என்னன்னுங்க சொல்றது?"