வீட்டுக்காரம்மாவின் கட்டுரையை நான் திருத்திக் கொடுத்த கதை

பெருமதிப்புக்குரிய அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவரும் நலம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நலம் என்று எழுதியது வழக்கத்துக்காகத்தான். உண்மையில் காலையிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. இந்த நாலு வரிக்குள்ளேயே ஜன்னல்வரை போய் வந்துவிட்டேன்.

எல்லாம் உன் யோசனையால் வந்த வினை. "சும்மா தச்சுக்கிட்டே இருந்தா மூளை துருப்பிடிச்சுடும், ஏதாவது வகுப்புல சேரு" என்று போனில் சொன்னாயே, அதைக் கேட்டுத்தான் நூலக மாடியில் சாயங்காலம் நடக்கும் கட்டுரை வகுப்பில் சேர்ந்தேன். போய்ப் பார்த்தால் அடுத்த நாற்காலியில் எங்கள் வீட்டுக்காரம்மா! கீழ்வீட்டில் அவர், மாடியில் நான், நடுவில் என் தையல் மிஷின் சத்தம். குடிவந்த நாளிலிருந்து எங்களுக்குள் வேறு பேச்சே கிடையாது என்பது உனக்குத் தெரியுமே.

போன வாரம் வாத்தியார், படிக்கிறவர் மனதை மாற்றுகிற மாதிரி ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னார். பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொண்டு கருத்துச் சொல்ல வேண்டுமாம். "முதல்ல நல்லதைச் சொல்லுங்க, அப்புறம் எதை மாத்தலாம்னு சொல்லுங்க. ஆளை விட்டுடுங்க, கட்டுரையை மட்டும் பாருங்க" என்றார். நான் தெருவிளக்கு எரியாததைப் பற்றி எழுதியிருந்தேன். வீட்டுக்காரம்மா நீட்டிய தாளில் தலைப்பு: 'மாடி வீட்டில் தையல் மிஷின் ஓடக் கூடாது.'

தலைப்பை இன்னொரு தரம் படித்தேன். "இது யாரைப் பத்திம்மா?" என்றேன்.

"பொதுவா எழுதினதும்மா. நீ கட்டுரையை மட்டும் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படித்தேன். அக்கா, கோபம்கூட வரவில்லை, அத்தனை மோசம். 'சத்தம் தாங்கவில்லை, எனவே கூடாது' என்பதையே புரட்டிப் புரட்டிப் போட்டுப் பக்கத்தை நிரப்பியிருந்தார். நடுவில், சத்தத்தால் ரோஜாச் செடி பூக்கவில்லை என்று வேறு. 'கையெழுத்து அழகு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் கை உனக்குத் தெரியாதா? பஸ்ஸில் முன்சீட்டுக்காரியின் ஜாக்கெட்டில் தோள் இறங்கியிருந்தாலே ஊசியைத் தேடுகிற கை. பென்சிலை எடுத்துவிட்டேன்.

"அம்மா, இந்த ரோஜாச் செடியைப் பிரிச்சு எடுத்துடுங்க, ஒட்டலை. மத்தியானம் கண்ணசந்தா மேஜையில டம்ளர் கிடுகிடுன்னு ஆடுதுன்னு சண்டைக்கு வந்தீங்கல்ல, அதை முதல் வரியில வைங்க. படிக்கிறவங்க கண்ணுல அந்த டம்ளர் நிக்கணும்."

"அட, ஆமால்ல!" என்று குறித்துக்கொண்டார்.

"இங்க ஒரு பெரிய ஓட்டை இருக்கு. பாவம், அவ பொழைப்பே அதுதானேன்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?"

"என்ன சொல்றது? நீயே சொல்லேன்."

"தெருமுனையில சலவைக்கடை பக்கத்துல ஒரு ரூம் பூட்டியே கிடக்கு. மிஷினை அங்க போட்டா அவளுக்கும் வாடிக்கை கூடும், வீடும் அமைதியா இருக்கும்னு முடிங்க. ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய மிஷின் என்று எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்.

நேற்று வகுப்பில் அதை உரக்கப் படித்தார். டம்ளர் ஆடிய இடத்தில், வங்கியில் வேலை பார்க்கும் பெண் உச்சுக்கொட்டினாள். "யாருக்கெல்லாம் மனசு மாறிச்சு?" என்று வாத்தியார் கேட்டதும் கைகள் உயர்ந்தன. சுற்றிப் பார்த்தேன், என் கையும் மேலேதான் இருந்தது. என் தெருவிளக்குக் கட்டுரைக்கு அந்தம்மா எழுதித் தந்த கருத்து என்ன தெரியுமா? 'நன்று.' அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே, "நீயும் கையைத் தூக்கினதானே? மாசக் கடைசிக்குள்ள மிஷினை எடுத்துடும்மா" என்கிறார். இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "உனக்கு எதிரா நீயே வக்கீலா நின்னு, ஜெயிச்சும் குடுத்துட்டு வந்திருக்க" என்றார். சிரித்தாரா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. தெருமுனை ரூமைப் போய்ப் பார்த்தேன், கூரை ஒழுகுகிறது. அதெல்லாம் கட்டுரையில் எங்கே வருகிறது? பள்ளிச் சீருடைத் துணி மூட்டையாகக் கிடக்கு. மிஷின்ல உட்கார்ந்தா கால் மிதிக்க மாட்டேங்குது, கீழே டம்ளர் ஆடுமேன்னு. அடுத்தவங்க மனசை மாத்தச் சொல்லிக் கொடுத்தேன், என் மனசும் சேர்ந்து மாறிப்போச்சு. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஆகவே உன் பின்னறையைக் கொஞ்சம் ஒழித்துக் கொடு. மிஷினை அங்கே போட்டுவிட்டு, தினமும் பஸ் பிடித்து வந்து தைத்துவிட்டுப் போகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக வளரட்டும்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்ட தங்கை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வீட்டுக்காரம்மா மாடியேறி வந்தார். காலையிலிருந்து சத்தமே இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறதாம், மத்தியானம் கண்ணே மூடவில்லையாம். "நீ தச்சுக்கோம்மா, என்னவோ மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதனால் அறையை ஒழிக்க வேண்டாம். ஆனால் போகிறபோக்கில், அடுத்த வாரத்துக்கு எழுதியதைப் பார்த்துத் தரச் சொல்லி நீட்டிவிட்டுப் போனார். தலைப்பு: 'மாடி வீட்டை என் மகனுக்கே ஒதுக்க வேண்டும்.' ஆரம்பமே சரியில்லை அக்கா. வெளியூரில் அந்தப் பையன் என்ன பாடுபடுகிறான் என்று ஒரு வரிகூட இல்லை. பென்சில் சீவிக்கொண்டிருக்கிறேன். எதற்கும் அறையை ஒழித்தே வை. இவரும் வருவார்.