பழனிக்கு நேர்ந்த முடியும் பாப்பாவின் லைட் மெஷினும்

பரமத்தி வேலூர்,
பங்குனி 20

மல்லசமுத்திரம் மச்சான் கைலாசம் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய சுவாமிநாதன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே பழனியம்மாள் நலம். மகள் யுவஸ்ரீ பாப்பா நலம். பண்ணையில் கோழிகள் நலம். என் தலையைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன வாரம் வீடியோ காலில் வந்தபோது இந்த வெயிலிலும் தாங்கள் குரங்குக் குல்லா மாட்டியிருந்தீர்கள். கேட்டதற்குக் காது வலி என்றீர்கள். பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி விடச் சொன்னாளே உங்கள் தங்கை, விட்டீர்களா? காதைச் சும்மா விடக் கூடாது.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று தாங்கள் நினைப்பது நியாயம். உங்கள் தங்கை எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போடுவாள். நான் சொல்ல வந்தது அவள் காதுக்குப் போகக் கூடாது.

தை மாதம் அவளுக்கு வயிற்றுக் கட்டி ஆபரேஷன் நடந்த அன்று, உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியதும் தாங்கள் டீ குடித்துவிட்டு வருவதாகக் கீழே போனீர்கள். போனவர் நெற்றி நிறையத் திருநீறோடு திரும்பினீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் இல்லை. அந்த நேரத்தில் மனசுக்குள் பழனி முருகனிடம் சொன்னேன், இவளைப் பொழைக்க வைத்துக் கொடுத்தால் தலைமுடி முழுவதையும் கொடுக்கிறேன் என்று. கொடுத்துவிட்டார். கட்டியில் கெட்டது ஒன்றுமில்லை என்று டாக்டரே சொன்னார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சங்கடம் வந்தது. உச்சியில் பாதி எப்போதோ போய்விட்டது. மிச்சம் இருப்பதும் கறுப்பும் வெள்ளையுமாக ஏனோதானோ என்று நிற்கிறது. முழு ஆளை வாங்கிக்கொண்டு இதைக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது? பங்குனி கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கொஞ்சமாவது வளர்த்துக்கொண்டு போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்பார்களே, அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மாசி மாதம் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. யுவஸ்ரீ கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள் அல்லவா, அவள் பேருக்கு வந்தது. உள்ளே முடி காய வைக்கிற மெஷின் போல ஒன்று. அதை அழுத்தினால் பளிச்சென்று மின்னல் வெட்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள், கதவுக்கு அடியில் பளிச் பளிச் என்று தெரியும். என்னம்மா அது என்றதற்கு, "அது பொம்பளப் புள்ளைங்க சமாச்சாரமுங்ப்பா, உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். பெட்டி மேலே நீளக் கூந்தலோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை முறை என்று கட்டம் போட்டு அட்டவணை. மச்சான், முப்பது வருஷமாக முட்டைக்கோழி வளர்க்கிறவன் நான். அட்டவணை போட்டு வெளிச்சம் காட்டினால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினாறு மணி நேரம் லைட் எரிந்தால்தான் கோழி ஒழுங்காக முட்டை வைக்கும். வெளிச்சம் என்றாலே விளைச்சல்தான் என்பது என் கணக்கு. அந்தக் கூந்தல்காரி சிரிப்பதைப் பார்த்ததும் முருகனே கூரியரில் அனுப்பி வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மெஷினை எடுத்தேன். முதலில் முழங்கையில் வைத்துப் பார்த்தேன். சிவப்பாகக் கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிய மாட்டேன் என்றது. தோல் ரொம்பக் கறுப்பாக இருந்தால் எரியாதாம், பிற்பாடு தெரிந்தது. எங்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தபோது தாங்கள்கூட என் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை, இது பேசுகிறது. ஆனால் என் உச்சந்தலை எப்போதும் துண்டுக்குள் இருப்பதால் அங்கே வெளுப்பு. அங்கே வைத்ததும் பளிச்! சுருக்கென்றது. கோழியை உரித்து நெருப்பில் வாட்டுகிற வாசம் வந்தது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிடிக்கிறாள், எனக்கு நாள் குறைவாக இருப்பதால் தினமும் காலையில் பிடித்தேன். மூன்றாவது வாரம் சீப்பில் முடி கொத்துக்கொத்தாக வந்தது. இந்த இடத்தில்தான் மச்சான் நான் தப்புப் பண்ணினேன். வெளிச்சம் குறைந்தால் கோழி இறகை உதிர்க்கும், அது ஊரறிந்த விஷயம். அதனால் எனக்கும் வெளிச்சம் பற்றவில்லை என்று நினைத்துச் சாயங்காலமும் பிடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை யுவஸ்ரீ கையும் மெஷினுமாகப் பிடித்தாள். துண்டை அவிழ்த்துப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னங்ப்பா பண்ணி வெச்சிருக்கறீங்க? இது முடி மொளைக்க வெக்கறது இல்லீங்ப்பா. கை கால்ல முடியே மொளைக்காம பண்றது. தலைக்கெல்லாம் வெக்கவே கூடாது" என்றாள். அப்படியென்றால் இந்த வெள்ளை முடி மட்டும் ஏன் கண்ணு நிற்கிறது என்று கேட்டேன். கறுப்பு முடிதான் அந்த வெளிச்சத்துக்குக் கண்ணில் படுமாம், வெள்ளை முடியை அதற்குத் தெரியவே தெரியாதாம். உச்சியில் இப்போது தீப்பெட்டி தீப்பெட்டியாகச் சிவந்த கட்டங்கள், நடுநடுவே வெள்ளை முடி மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கிறது. தோல் டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். பழனியம்மாள் பார்த்துவிடக் கூடாதென்று நான் தூங்கும்போதுகூடத் துண்டை அவிழ்ப்பதில்லை. வெயில் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

நான் அழுகிறவன் இல்லை, தங்களுக்குத் தெரியும். ஆனாலும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அவளைக் கொடுத்த சாமிக்கு நேர்ந்துவிட்ட முடி இது. இதை லைட்டுக்குக் கொடுத்துவிட்டு அவர் முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்? அவளுக்கு மறுபடி ஏதாவது வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அறுபத்து நாலு வயதிலும் தங்கள் தலையில் சுருள் சுருளாக முடி நிற்கிறது. சீப்பு உள்ளே போனால் திரும்பி வர நேரமாகும். பழனியம்மாள் தங்கள் கூடப்பிறந்தவள். வெள்ளிக்கிழமை காரில் கூடவே வந்து, எனக்குப் பதிலாகத் தாங்கள் மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும். நான் பக்கத்தில் நின்று என்ன ஏது என்று முருகனிடம் விளக்கிச் சொல்லிக்கொள்கிறேன். தங்கள் முடி சீக்கிரமே வளர்ந்துவிடும், என்னுடையதைப் போல யோசிக்காது. மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். தாங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல், தலை நிறைய முடியோடு நூறு வயது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மாப்பிள்ளை
சுவாமிநாதன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கவரை ஒட்டப் பசை தேடப் போன நேரத்தில் உங்கள் தங்கை இதை எடுத்து முழுவதும் படித்துவிட்டாள். ஆபரேஷன் பண்ணின வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "எங்கண்ணன் தலைய நம்பியா எழுதறீங்க? அவரு போன வாரமே பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்துட்டாருங்க. அந்தக் குல்லா காது வலிக்குன்னா நெனச்சீங்க? நீங்க கேலி பண்ணுவீங்கன்னு சொல்ல வேண்டாமுன்னுட்டாரு" என்றாள். டீ குடிக்கப் போனேன் என்றீர்களே மச்சான், கீழே ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையார் கோயிலில் நின்று தாங்களும் அதைத்தான் நேர்ந்தீர்களா? பூண்டு எண்ணெயை விட வேண்டாம். என் துண்டையும் அவளே அவிழ்த்துப் பார்த்தாள். "இருக்கற வெள்ளைய எடுத்துட்டுப் போயிக் குடுங்க. முருகன் என்ன, நெறம் பாத்தா வாங்கறாரு?" என்று சொல்லிவிட்டாள். ஆகையால் வெள்ளிக்கிழமை நானே மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொன்னாள். கடுதாசியின் முதல் வரியைக் காட்டி, "பழனியம்மாள் நலம்னு போட்டிருக்கறீங்களே, யாரக் கேட்டுப் போட்டீங்க? ரெண்டு பேரும் எனக்காக மொட்டை அடிக்கறீங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்து மூணு மாசமாச்சு, ஒரு நாளாவது எங்கிட்ட, நல்லா இருக்கறயான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்புறம் கேட்டேன். நல்லா இருக்கறேனுங்க என்றாள். வெள்ளிக்கிழமை வரும்போது தாங்களும் குல்லாவைக் கழற்றிவிட்டு ஒரு முறை கேட்டுவிடுங்கள்.