தேரியோவின் சொந்த ரிப்பேர்

லீபாவுக்குப் போகும் சாலையில் தென்னந்தோப்பைத் தாண்டியதும் தேரியோ வாடகைக்கு ஓட்டும் நீள ஜீப், அந்த ஊர்ப் பேச்சில் ஜீப்னி, முதல் தடவை நின்றது. இருமவில்லை, குலுங்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தவர் தூங்கிப்போன மாதிரி சத்தமில்லாமல் அணைந்துவிட்டது.

"என்னாச்சு?" என்றாள் பின் பெஞ்சிலிருந்து மனைவி நெனித்தா.

"ஒண்ணும் ஆகல" என்றார் தேரியோ. வண்டி நின்றால் எந்த டிரைவரும் முதலில் சொல்வது அதுதான்.

பின்னால் நெனித்தாவின் பிறந்த வீடு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. எதிர் பெஞ்சில், நாலு பேர் இடத்தில், வாழையிலை போர்த்திய முழுப் பன்றி வறுவல் சொகுசாகப் படுத்திருந்தது. நெனித்தாவின் தங்கை குழந்தைக்கு இன்று லீபா கோவிலில் ஞானஸ்நானம், ஞானத்தந்தை தேரியோதான். வெளியாள் ஒருத்தி மட்டும் உண்டு, மீன்காரி சோலிங் அக்கா. தினமும் சந்தைக்கு முன்சீட்டில் போகிறவள், ஞானஸ்நானத்துக்காக அந்த இடத்தை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மைத்துனன் பென்ஹர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். இந்த வண்டி மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். "எனக்கு வித்துட்டு எனக்கே ஓட்டுங்க மச்சான்" என்பான். 'எனக்கே ஓட்டுங்க' என்ற அந்த வார்த்தை தேரியோவுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தும். அதனால்தான் டீசல் பில்டரை அவனிடம் போகாமல் நேற்று வீட்டு வாசலிலேயே மாற்றினார். ஆயிலும் மாற்றினார். கை சும்மா இருக்கவில்லை. மிச்சமிருந்த கிரீஸை எடுத்து, கீச்சிட்ட கதவு, முரண்டு பிடித்த கேபிள் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பூசினார். காலையில் அதை ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பெருமையடித்தார். பெருமை தலைக்கேறிய வேகத்தில் பென்ஹரிடம், "பூசை ஆரம்பிக்கறதுக்குள்ள போய்ச் சேரலன்னா சாவி உன் கையில மாப்ள!" என்றும் சொல்லிவிட்டார்.

பென்ஹர் இப்போது மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தான். "நான் கை வெக்க மாட்டேன் மச்சான். நீங்க பாருங்க."

"பில்டர் மாத்தினா காத்து ஏறத்தான் செய்யும். இதுக்கெல்லாம் ஒர்க்‌ஷாப் எதுக்கு?"

தேரியோ பானட்டைத் திறந்தார். பில்டர் திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, நுரை போய் டீசல் தெளிவாக வரும்வரை காற்றை வெளியேற்றினார். அதற்குள் நெனித்தா முன்னால் வந்து, ஸ்டியரிங் பக்கத்துக் கறுப்புக் குமிழில் எப்போதும் தொங்கும் ஜெபமாலையோடு தன் கழுத்துப் பதக்கத்தையும் மாட்டினாள்.

"கூட ஒரு துணை இருக்கட்டும்."

தேரியோ ஏறினார். எப்போதும் செய்வதுபோல் குமிழை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு சாவியைத் திருப்பினார். இஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

"பாத்தியா மாப்ள?"

பாலம் வரைக்கும் பார்க்க முடிந்தது. பாலத்தின் நடுவில் மறுபடியும் அதே அமைதி.

"பில்டர் சரியா உக்காரல" என்று தீர்ப்புச் சொன்ன தேரியோ அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். ரப்பர் வளையம் நசுங்கி டீசல் கசியத் தொடங்கியது. சுற்றிக் கட்டத் துணி வேண்டும். ஞானஸ்நானப் பரிசில் கட்டியிருந்த ரோஸ் நிற ரிப்பனைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை.

"அது குழந்தைக்குங்க!" என்று கத்தினாள் நெனித்தா.

"குழந்தைகிட்ட போய்ச் சேரவேண்டாமா?"

மாமியாருக்கு ரிப்பன் மேல் நம்பிக்கை இல்லை. பைக்குள்ளிருந்து உள்ளங்கையளவு மரத்தாலான குழந்தை யேசுவைக் கயிற்றோடு எடுத்து, அதே குமிழில் தொங்கவிட்டாள். வீட்டில் எண்பது வருஷமாக இருக்கும் சாமி, நல்ல கனம்.

இந்தத் தடவை பெட்ரோல் பங்க் வரைதான் ஓடியது.

"டேங்க் மூடியில காத்துப் போற ஓட்டை அடைச்சிருக்கு" என்றார் தேரியோ. குரலில் சுருதி இறங்கியிருந்தது. பின் பெஞ்சுக்கடியில் இருந்த டேங்கின் மூடியைக் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டார். அடுத்த வளைவில் டீசல் தளும்பி மாமியாரின் புதுப் பாவாடையில் பாதியும் பன்றியின் மேல் மீதியுமாகத் தெறித்தது.

"இனிமே அதை வறுக்கவே வேணாம், பத்தவெச்சா போதும்" என்றான் பென்ஹர்.

யாரும் சிரிக்கவில்லை. வண்டி வேறு நின்றிருந்தது. நெனித்தா இறங்கி, சாலையோரப் பெண்ணிடமிருந்து நனைந்த மல்லிகை மாலைகளைக் கை நிறைய வாங்கி வந்து, குமிழே தெரியாதபடி மாட்டினாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

தேரியோ பூவுக்குள் கைவிட்டுக் குமிழைத் தட்டினார். சாவியைத் திருப்பினார். இஞ்சின் உறுமியது, அடுத்த விளக்குக் கம்பத்தைக்கூடத் தாண்டவில்லை.

தூரத்தில் மாதா கோவில் மணி அடித்தது, பூசைக்கான முதல் மணி.

"மாப்ள, நீயே பாரு" என்றார் தேரியோ.

பென்ஹர் நல்ல சட்டையின் கையை மடித்துவிட்டு இஞ்சினுக்குள் தலையை நுழைத்தான். ரிப்பனைப் பார்த்தான், குழாயைத் தட்டினான், பெருமூச்சு விட்டான். "பம்பு போச்சு மச்சான். முழுசா மாத்தணும். சரி, விடுங்க, நான் பாத்துக்கறேன். திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வந்துடுங்க."

கட்டியிழுத்துப் போக இன்னொரு வண்டி பிடிக்க எல்லாரும் சாலைக்கு இறங்கினார்கள். தேரியோ சன்னல் வழியே கைவிட்டுச் சாவியை உருவினார். பதினெட்டு வருஷம் அவர் கையில் இருந்த சாவி. அழுகை வந்தது, ஞானத்தந்தைக்கு அழகில்லை என்று அடக்கிக்கொண்டு அதை மைத்துனனிடம் நீட்டினார்.

முன்சீட்டை விட்டு அசையாத சோலிங் அக்கா மீன்கூடையை நகர்த்திவிட்டு முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"சாவியைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் தம்பி. தினம் சந்தை வந்ததும் இஞ்சினை அணைக்கறதுக்கு நீ ரெண்டு கையால மல்லுக்கட்டி வெளிய இழுப்பியே, அந்தக் கறுப்புக் குமிழ் இதுதானே? நேத்து கிரீஸ் போட்டாலும் போட்ட, இன்னைக்கு உனக்கு அந்தச் சிரமமே இல்ல, உங்க வீட்டுச் சாமிங்க எல்லாம் ஒண்ணாச் சேந்து இழுத்துக்கறாங்க!"