முறிந்த முகத்தைத் தேய்த்துவிட்டார்கள்

அன்பும் அவசரமும் கலந்த வணக்கத்துக்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் இளைய மகள் எழுதுவது. நானும் என் கோபமும் நலம். நீங்களும் அத்தையும் உங்கள் ஆய்வுக்கூடத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும் நலமாக இருக்க வேண்டும். நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். எனக்குப் பாதகமானதைக்கூட மறைக்கமாட்டேன். ஆனால் அப்படி எதுவும் இல்லை.

போன வாரம் நூலகத்திலிருந்து மேடேறி வரும்போது, அப்பாவின் சைக்கிளில் பெடலைத் தாங்குகிற இரும்புக் கை, அதாவது சைக்கிள் கடைக்காரர் கிராங்க் என்கிறாரே அது, படக்கென்று முறிந்தது. பெடல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கேரியரில் கட்டியிருந்த கலைக்களஞ்சியம் சாக்கடையோரம். அடிபட்டதா என்று அம்மா கேட்டாள். இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஆரம்பித்தாள். "மூட்டை மூட்டையா புத்தகத்தை ஏத்தினா இரும்பு என்னடி பண்ணும்? இனிமே சைக்கிளைத் தொட்டுப் பாரு, தெரியும்!" சைக்கிள் இல்லாவிட்டால் நூலகம் இல்லை. நூலகம் இல்லாவிட்டால் நானும் புத்தகத்தையே தொடாத அக்காவைப் போல ஆகிவிடுவேன்.

அதனால்தான் உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். "இரும்போட உடைஞ்ச முகம் பொய் சொல்லாதும்மா" என்றீர்கள். "ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டிருந்தா சிப்பி ஓட்டுல இருக்கிற மாதிரி கோடு கோடா இருக்கும். ஒரேயடியா உடைஞ்சிருந்தா சொரசொரன்னு மினுக்கும். அனுப்பி வை, பாத்துச் சொல்றேன். ஆனா தொடாதே, துடைக்காதே, யாரையும் தொட விடாதே." முதல் இரண்டையும் கடைப்பிடித்தேன். மூன்றாவது இந்த வீட்டில் நடக்கிற காரியமா?

பெடலோடு போன சின்னத் துண்டை, அளவு பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் வைத்துக்கொண்டார். நீளத் துண்டை நான் பிஸ்கட் டப்பாவில் பஞ்சின்மேல் கிடத்தி, 'விசாரணையில் உள்ளது, தொடாதீர்கள்' என்று மூடியில் எழுதி ஒட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். நான் தெரு முனை திரும்புவதற்குள் அப்பா டப்பாவைத் திறந்திருக்கிறார். "விளிம்பு கத்தி மாதிரி இருந்துச்சும்மா, பிரிக்கிறப்ப மாமா கையைக் கிழிச்சுட்டா? அதான் அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்தேன்." நாலு இழுப்பு அல்ல மாமா, தரையில் இரும்புத் தூள் கோலப்பொடி போலக் கிடந்தது. அரம் பட்ட இடம் துருப்பிடிக்குமே என்று அக்காவுக்குக் கவலை வந்து, தையல் மெஷின் எண்ணெயை ஊற்றியிருக்கிறாள். "ரெண்டே சொட்டு விட்டேன், அது ஒரு குத்தமா?" அந்த எண்ணெயைப் பார்த்ததும் அம்மாவுக்கு மானம் போய்விட்டது. "என் தம்பி வேலை பாக்கிற இடத்துக்கு இப்படிப் பிசுபிசுன்னா அனுப்புறது? நாலு படிச்சவங்க பாத்தா நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று தேய்க்கிற தூளும் கம்பி நாருமாக உட்கார்ந்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது அந்த இரும்பு ஜன்னலோரம், கழுவிக் கவிழ்த்த டம்ளர்களுக்கு நடுவே, புதுமாப்பிள்ளை போல மின்னிக்கொண்டிருந்தது.

"மூடியில எழுதியிருந்தேனே, யாரும் படிக்கலையா?" என்று கத்தினேன். "படிச்சேன். பிள்ளைங்களுக்கு எழுதினதுன்னு நெனச்சேன்" என்றார் அப்பா. அம்மா சமாதானப்படுத்தினாள்: "எதுக்குடி அழறே? பாரு, உன் மூஞ்சியே தெரியுது அதுல." தெரிந்தது மாமா! எனக்குச் சாட்சி சொல்ல வேண்டிய இரும்பு, என் முகத்தையே குற்றவாளியாகக் காட்டிக்கொண்டிருந்தது. மூவரும் எனக்கு உதவி செய்தார்களாம். எதிரிகள்கூட இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்ய மாட்டார்கள்.

அந்தத் துண்டை இத்துடன் அனுப்புகிறேன். அரமும் நாரும் தின்றது போக ஏதாவது மிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டாலும், ஒரேயொரு கலைக்களஞ்சியத்தால் இரும்பு முறியாது என்று அம்மாவுக்கு எழுதுங்கள். இந்தக் குடும்பத்தில் நடுநிலையானவர் நீங்கள் ஒருவர்தான்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் லென்சுகளில் கீறல் விழாமலும், உங்கள் ஆய்வுக்கூடம் என்றைக்கும் அம்மாவின் கண்ணில் படாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அநியாயமாகப் பழி சுமக்கும் மருமகள்

பின்குறிப்பு: மாமா, ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கடைக்காரர் இப்போதுதான் சின்னத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். யாரும் தேய்க்காத முகம்! பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முக்கால்வாசி கறுத்து வழவழப்பாக இருக்கிறது. நீங்கள் சொன்ன சிப்பிக் கோடுகள் அத்தனையும் விளிம்பில் ஒரே ஒரு நசுங்கலைச் சுற்றி வளைந்திருக்கின்றன. அது பழைய விரிசல், நான் நிரபராதி. அப்பாவும் பார்த்தார். "இது சுத்தியல் அடியாச்சே. போன லீவுக்கு வந்தப்ப, இறுகின பெடலைக் கழட்டித் தர்றேன்னு உங்க மாமாதானே போட்டு அடிச்சாரு?" என்றார். "என் தம்பி அப்படியெல்லாம் அடிக்கவே மாட்டான்! குடுடி அதை, அழுக்கா இருக்கு" என்று அம்மா கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. ஆகவே நீங்கள் தீர்ப்பு எதுவும் எழுத வேண்டாம். அம்மா பெயருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் போதும். இந்த வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.