இடது பக்கத்துப் பெட்டி

இடது பக்கத்துப் பெட்டி பாடவில்லை. பாடியது, ஆனால் நாற்காலிவரை வந்து சேரவில்லை என்றும் சொல்லலாம். இரண்டில் எது என்று கஜேந்திரன் முடிவு செய்வதற்குள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு ஆறிப்போயிருந்தது.

அவர் எழுந்து போய்ப் பெட்டியின் முன்னால் குந்தி, துணி மூடிய அதன் முகத்துக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்தார். வயலின் சுத்தமாகக் கேட்டது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்களை மூடினார். வயலின் எழுந்து வலது பக்கம் போய் மிருதங்கத்தோடு ஒண்டிக்கொண்டது. இடது பக்கத்தில் யாருமே இல்லை. கடைசித் தரிப்பிடத்தில் ஆள் இறங்கிப்போன பஸ் சீட் மாதிரி அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

"ரெண்டும் நல்லாத்தானே பாடுது," என்றாள் அவர் மனைவி இராஜகுமாரி, சோற்றுத் தட்டை மூடிவைத்தபடி.

"பாட்டு கேக்கிறதுக்கு ஒரு காது வேணும்," என்றார் கஜேந்திரன்.

இராஜகுமாரிக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். எந்தப் பேச்சுக்குப் பதில் சொல்வது, எதை விட்டுவிடுவது என்று அவளுக்குத் தெரியும். இதை விட்டுவிட்டாள்.

கஜேந்திரன் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெக்டரி கணக்கப்பிள்ளை. வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போடுவதும் லீவு கொடுப்பதும் அவர் பொறுப்பு. காலையிலிருந்து மாலைவரை, ரப்பரை நசுக்கித் தள்ளும் மில்லுகளின் பக்கத்திலேயே நிற்பார். உலகக் கிண்ணக் கிரிக்கெட் பார்ப்பதற்காகத் தோட்டத்தில் முடிந்தவர்கள் எல்லாம் டீவி வாங்கிய வருடம் அது. அவர் மட்டும் டவுனில் லாபிரின் கடைக்குப் போய், பாட்டுக் கேட்கும் செட் ஒன்றை எடுத்துவந்தார். ஒரு அம்ப்ளிபயர், ஒரு கெசட் டெக், இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இருபது வயதில் ஒரு கடிதம் கொடுப்பதற்காக, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்குப் போயிருந்தார். துரை கொழும்புக்குப் போயிருந்தார். பங்களாச் சமையல்காரர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். பையனைத் துரையின் நாற்காலியில் உட்காரவைத்து, ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டு, பாட்டு முடியுமட்டும் அசையக்கூடாது என்றார். இரண்டு பக்கத்திலிருந்தும் வாத்தியங்கள் வந்தன. பிறகு, பெட்டி எதுவும் இல்லாத நடு இடத்தில், கம்பளத்துக்கு ஓரடி மேலே, ஒரு பெண் நின்று பாடினாள். அது என்ன பாஷை என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவள் மூச்சு எடுப்பது கேட்டது. கையை நீட்டினால் அவளுடைய உடுப்பு தட்டுப்படும் என்று நினைத்தார். நீட்டியும் பார்த்தார்.

அடுத்த வாரம் பெக்டரியில் வேலை கிடைத்தது. அதற்குப்பிறகு இருபத்தொரு வருடம் அவர் கேட்டதெல்லாம் மில்லுச் சத்தம்தான். ஆனால் அந்தப் பெண் எங்கோ ஒரு வெற்றிடத்தில் இன்னும் மூச்சை இழுத்துப் பிடித்தபடி நிற்கிறாள் என்று அவர் நம்பினார். சாவதற்குமுன் இன்னுமொரு தடவை, தன் சொந்த வீட்டில், அவள் நடுவில் வந்து நிற்க வேண்டும். வாழ்க்கையிடம் அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

செட்டோடு வந்த புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. இரண்டு பெட்டிகளும் ஒரு நாற்காலியும் ஒன்றுக்கொன்று ஒரே தூரத்தில், முக்கோணமாக. நாற்காலியில் ஒரு மனிதன் கண்களை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான். கஜேந்திரன் அளவுநாடா பிடித்து, தரையில் சோக்குக்கட்டியால் கோடு போட்டு, முக்கோணத்தை அங்குலம் பிசகாமல் அமைத்தார். சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலமே அந்தப் படத்து மனிதனை வெறுக்கத் தொடங்கிவிட்டார்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் ஏழுமலை வந்தான். அவன் மில்லில் வேலை செய்பவன். தொழிலாளர் லயத்தில் யார் வீட்டில் கரண்ட் போனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கஜேந்திரன் சொல்லச் சொல்ல, முதலில் பெட்டிகளை இடம் மாற்றினான். இடது பெட்டி வலதுக்குப் போய் அருமையாகப் பாடியது. நேற்றுவரை பாடிக்கொண்டிருந்த வலது பெட்டி இடதுக்கு வந்ததும் ஊமையாயிற்று. பிறகு வயர்களை மாற்றினான். ஊமை அதே இடத்தில் இருந்தது.

"நீ உக்காந்து கேளு," என்றார் கஜேந்திரன்.

ஏழுமலை கணக்கப்பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. வேலியில் கோழி உட்காருவதுபோல நுனியில் உட்கார்ந்தான்.

"எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்குங்க ஐயா. ரெண்டு பக்கமும்..." அவன் கஜேந்திரனின் முகத்தைப் பார்த்தான். "வலது பக்கம் நல்லா இருக்குங்க. இடதுதான் கொஞ்சம் மெலிவுங்க."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"ஆமாங்க. ரொம்ப மெலிவுங்க."

கஜேந்திரனுக்கு அந்தச் சொல் மருந்துபோல இருந்தது. தன் துயரத்துக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டான். பெட்டியிலும் குற்றமில்லை, வயரிலும் குற்றமில்லை. அப்படியானால் குற்றம் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

இடது பக்கச் சுவரோடு இராஜகுமாரியின் அலுமாரி நின்றது. உள்ளே முழுக்கச் சேலை. துணி சத்தத்தை உறிஞ்சும் என்று புத்தகத்திலும் போட்டிருந்தது. இத்தனை நாளும் வயலினைக் குடித்துக்கொண்டிருந்தது அதுதான் என்று அவருக்கு விளங்கியது. இருவரும் பிடித்துத் தள்ளினார்கள். ஒன்பதடி அகலமான ஹாலில் அலுமாரிக்கு வேறு இடம் இல்லாததால், அது முன்வாசல் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. இனி வீட்டுக்கு வருபவர்கள் குசினி வழியாக வரலாம் என்றார் கஜேந்திரன்.

வெறும் சுவராகிவிட்ட இடது பக்கம் முன்பைவிட ஊமையாக இருந்தது.

புதன்கிழமை லாபிரையே கூட்டிவந்தார். லாபிர் திரீவீலரில் வந்து இறங்கி, முன்வாசலைத் தேடி வீட்டை ஒருமுறை சுற்றி, குசினிக்குள் புகுந்து, அடுப்புப் புகையில் இருமிக்கொண்டே நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். ஒரு முழுப்பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெண்டும் ஒரே மாதிரித்தானே ஈக்கிது, ஐயா."

"நல்லாக் கேளுங்க."

லாபிர் நல்லாகக் கேட்டார். அதைவிட நல்லாகக் கஜேந்திரனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தோடு வாதாட எந்தக் கடைக்காரனுக்கும் மனம் வராது.

"கொஞ்சம் கொறயுதுதான்," என்றார் கடைசியில். "வீட்டு அமைப்பு அப்பிடி. இடதுக்குப் பெருசா ஒண்டு போட்டுப் பாப்போம்."

அடுத்த நாள் வந்த பெட்டி, தெஹியோவிட்டயில் ஒரு கல்யாண மண்டபத்துக்கென்று எடுத்துவைத்தது. கஜேந்திரனின் நெஞ்சளவு உயரம். இடது பக்கத்தில், படுக்கையறைக் கதவுக்கு முன்னால் மட்டும்தான் அதற்கு இடம் இருந்தது. அன்றிலிருந்து புருசனும் பெண்சாதியும் ஹாலில், முக்கோணத்துக்குள், பாய் விரித்துப் படுத்தார்கள். சேலை அலுமாரியில் இருந்தது, அலுமாரியின் கதவு முன்வாசல் பக்கம் திரும்பியிருந்தது. ஆகவே இராஜகுமாரி மூன்று நாளாக ஒரே சேலையில் இருந்தாள்.

கஜேந்திரன் பெலன்ஸ் குமிழை இடது பக்கம் முழுக்கத் திருகி, சத்தத்தைக் கூட்டினார். பெரிய பெட்டி உறுமியது. தரை அதிர்ந்தது. பக்கத்துக் குவாட்டர்ஸில் குடியிருந்த, ஸ்டோருக்குப் பொறுப்பான சிங்களவர் ஸ்டோர் மாத்தயாவின் சுவரிலிருந்து அவருடைய கல்யாணப் படம் விழுந்தது. "கஜேந்திரன், சத்தே அடு கரன்ன," என்று, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி, அவர் ஜன்னலில் வந்து நின்றார். அவர் அமைதியான மனிதர். கையில் படச்சட்டத்தின் ஒரு துண்டு இருந்தது. கஜேந்திரன் மன்னிப்புக் கேட்டுச் சத்தத்தைக் குறைத்தார். உறுமலும் வலது பக்கத்திலிருந்துதான் வந்தது என்பதை ஸ்டோர் மாத்தயாவுக்கு எப்படி விளங்கவைப்பது?

சனிக்கிழமை அவர் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் திருப்பினார். அது முழுநாள் வேலை; பெரிய பெட்டி குசினித் தடுப்புப் பக்கம் வந்தது, படுக்கையறைக் கதவை இப்போது சின்னப் பெட்டி அடைத்தது. இடது சுவர்தான் நோயாளி என்றால், இப்போது அது வலது கைப்பக்கம் வந்துவிட்டது. பார்ப்போம், எங்கே ஓடி ஒளிகிறது என்று உட்கார்ந்தார்.

ஆறு நாளாக ஊமையாயிருந்த சுவர் குயில்போலப் பாடியது. ஆறு நாளாகப் பாடிய சுவர் ஊமையாயிற்று.

இது சாதாரணக் கோளாறு இல்லை. வீட்டுக்குள் ஏதோ ஒன்று அவரோடு சேர்ந்தே திரும்புகிறது. அவர் எந்தப் பக்கம் முகத்தை வைத்தாலும், ஓசையில்லாமல் நடந்து வந்து அவருடைய இடது கைப்பக்கம் நின்றுகொள்கிறது. அந்தப் பெண் வருவதற்கு விடாமல் வழியில் நிற்பது அதுதான். அன்று அவர் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை ஒரு முடிவுக்கு வந்தார். இப்போது இடது பக்கத்தில் இருப்பது ஹாலையும் குசினியையும் பிரிக்கும் பலகைத் தடுப்பு. ஹால் ஒடுக்கமாக இருப்பதால் சத்தத்துக்கு மூச்சு முட்டுகிறது. ஏழுமலை மரம் அறுக்கும் வாளோடு வந்து, இது தோட்டத்துக் குவாட்டர்ஸ், துரை கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கினான். துரைக்குத் தான் பதில் சொல்வதாகக் கஜேந்திரன் சொன்னார். அப்போது அவருக்குத் துரையைப் பற்றிப் பயமே இருக்கவில்லை. பயம் மத்தியானம்தான் வந்தது. ஐந்து பலகைகளை அறுத்து எடுத்தபிறகு, இடது பக்கத்திலிருந்து வந்தது அடுப்புப் புகை மட்டும்தான்.

இராஜகுமாரி பெரிய பெட்டியின் பக்கம் நின்று ஏதோ சொன்னாள். அவர் திரும்பவில்லை. அவள் சுற்றிவந்து அவருக்கு முன்னால் நின்று மறுபடியும் சொன்னாள்.

"எனக்கு முன்வாசல் இல்ல. படுக்கிறதுக்கு அறை இல்ல. இப்ப குசினிக்குச் சுவரும் இல்ல. நான் தெரணியகலைக்கு அக்கா வீட்டுக்குப் போறேங்க. பலகைய அடிச்சிட்டு ஆள் அனுப்புங்க."

"இன்னும் ரெண்டு நாள் பொறு. சரியாயிடும்."

"என்னதாங்க சரியாகணும்?"

அவருக்கு அதைச் சொல்ல ஆசைதான். ஒரு பெண் நடுவில் வந்து நிற்பாள் என்று எப்படிச் சொல்வது? அதுவும், கையில் பையோடு நிற்கும் பெண்சாதியிடம்? அவள் குசினி வழியாகப் போனாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை. கஜேந்திரன் பெக்டரியிலிருந்து வந்து, பெலன்ஸ் குமிழை நடுவுக்குத் திருப்பி, புகை படிந்த கெசட்டைத் துடைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பிஸ்கட் தின்றே இரண்டு நாள் ஓட்டியாயிற்று. அடுத்த மாதம் துரை குவாட்டர்ஸ் பார்க்க வருகிறார். ஸ்டோர் மாத்தயா பேசுவதில்லை. எல்லாம் போகட்டும். பாட்டு ஓடியது. வலது பக்கம் ஒரே நெரிசலாக எல்லாரும் நின்று வாசித்தார்கள். நடுவில் வெறும் சிமெந்துத் தரை. அவர் கையை நீட்டிப் பார்த்தார். ஈரக் காற்று மட்டும் பட்டது.

அப்போது குசினி ஓட்டை வழியாகக் கருப்பாயி உள்ளே வந்தாள். பெக்டரியில் முப்பது வருடமாக ரப்பர் கழுவுகிறவள். தலையில் உரச்சாக்கு, கையில் செருப்பு. கல்யாண மண்டபப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவிசாவளை ஆஸ்பத்திரியில் மகள் பிரசவத்துக்குப் படுத்திருக்கும் செய்தி பெக்டரி முழுக்கத் தெரியும், லீவுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அவருக்கும் விளங்கியது. அங்கேயே நின்று சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கருப்பாயி மாட்டேன் என்று தலையாட்டினாள். பெரிய பெட்டிக்கும் மிச்சமிருந்த பலகைத் தடுப்புக்கும் நடுவே முக்கால் அடி இடம் இருந்தது. அதற்குள் புகுந்து மறுபக்கம் வருவதற்கு முதலில் ஒரு காலை எடுத்து வைத்தாள், பிறகு சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருப்பினாள். சாக்கின் நுனி வயரில் மாட்டியது. கல்யாண மண்டபப் பெட்டி, மரம் சாய்வதுபோல மெதுவாக, முகங்குப்புற விழுந்தது. அம்ப்ளிபயரின் வெளிச்சம் அணைந்தது. பாட்டு நின்றது. கூரைத் தகரத்தில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

கஜேந்திரன் கோபப்படவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருக்கவேண்டும்.

"ரெண்டு நாள் லீவு எடுத்துக்க," என்றார். "ஆனா அங்கேயே நின்னு கேட்டிருக்கலாமே, கருப்பாயி. எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு இந்தப் பக்கம் வரணும்?"

கருப்பாயி அவருடைய வலது தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, முகத்து மழைத்தண்ணீரைத் துடைத்தாள். ஊருக்கே தெரிந்த விசயத்தை ஐயா ஏன் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அந்தப் பக்கம் ஐயாவுக்குக் காது கேக்காதுங்களே. லீவு கேக்கிறதுன்னா பெக்டரியில எல்லாருமே இந்தப் பக்கம்தாங்க வருவோம். ஐயாவ ஏசுறதுக்குத்தான் அந்தப் பக்கம்."