ஒன்பதாவது லெவலுக்குப் பிறகு

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். 'தெரியாது' என்று சொல்ல மட்டும் வாய் வராது, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் யாராவது வழி கேட்டால், கேள்விப்பட்டே இராத தெருவுக்கும் கையை நீட்டி வழி சொல்லி அனுப்பிவிடுவேன். (அவர்களில் எத்தனை பேர் இன்னும் திண்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்களோ.) இந்த வியாதி முற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் முன்னால் என் மானத்தை வாங்கியது. காரணம், ஒரு கம்ப்யூட்டர் கேமின் இரண்டாம் பாகம்.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் நான் கன்னிவாடியிலிருந்து பஸ் ஏறி வந்து திண்டுக்கல்லில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. நாகல் நகரில் ஒரு மாவு மில்லுக்கு மேலே சிக்கந்தர் பாய் நடத்திய பிரவுசிங் சென்டர்தான் எனக்குக் கதி. பாய் தோல் வியாபாரக் குடும்பம். நாற்பத்தைந்து வயது இருக்கும். தம்பியோடு மனஸ்தாபமாகி, தோல் குடோனை அவரிடம் விட்டுவிட்டு, ஐந்து கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதைத் துடைத்து வைப்பது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு சென்டரில் ஆளே இருக்காது. அப்போது போனால் என்னைச் சும்மா விளையாட விடுவார்.

அந்த நேரத்தில்தான் ஒரு நண்பன் எங்கிருந்தோ காப்பி எடுத்த அந்த சிடியைக் கொடுத்தான். எதிர்காலத்தில் ஒரு நகரம். ஓயாமல் மழை. பாதி ஜனங்களுக்கு உடம்பில் மிஷின். ஒரு கம்பெனி அந்த ஊருக்கே தூக்கத்தை விற்கிறது. அவர்களிடம் வாங்காமல் யாருக்கும் தூக்கம் வராது. ஹீரோவுக்கு ஒரு கண் மிஷின். அவனுடைய தம்பி அதே கம்பெனியில் பெரிய அதிகாரி. இதில் விசேஷம் என்னவென்றால், சுட்டுத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதில்லை. ஒரு கதவைத் திறக்க நான்கு வழி இருக்கும். உடைக்கலாம், சாவியைத் திருடலாம், கூரை வழியாகப் போகலாம், காவல்காரனிடம் பேசி அவனையே திறக்க வைக்கலாம். நான் எப்போதும் பேசித்தான் திறப்பேன். (வேறென்ன வரும் எனக்கு?)

மூன்றாவது நாள் பாய் டீ கிளாஸோடு என் பின்னால் வந்து நின்றார்.

"தம்பி குணா, அந்தத் தொப்பிக்காரன் அம்புட்டு நேரமா பேசுறானே, என்னதான் சொல்றான்?"

எனக்கு அந்த இங்கிலீஷில் மூன்று வார்த்தைக்கு ஒன்று புரியும். மீதி இரண்டை நானே போட்டு நிரப்பிச் சொன்னேன். பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நான் போவதற்கு முன்பே இரண்டு நாற்காலி தயாராக இருந்தது. ஹீரோவின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. அதனால் அவன் பெரியவன், அவன் தம்பி சின்னவன். "பெரியவன் இன்னைக்கு எங்கப்பா போறான்?" என்று கேட்டுக்கொண்டே உட்காருவார். நான் கல்லூரிக்கு லீவு போட்டால்கூட சென்டருக்கு லீவு போட முடியாத நிலை.

ஒன்பதாவது லெவலில் பெரியவன் கம்பெனியின் மொட்டை மாடிக் கதவை அடைகிறான். கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவன். கதவு திறக்க ஆரம்பித்ததும் திரை நீலமாகிச் செத்துப்போனது. மறுபடி போட்டேன். அதே இடம், அதே நீலம். சிடியை பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன். பனியனால் துடைத்தேன். நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். கதவு திறக்கவே இல்லை. இன்றைக்கென்றால் இணையத்தில் ஒரு நிமிடத்தில் முடிவைப் பார்த்துவிடலாம். அன்று பாயின் சென்டரில் ஒரு படம் இறங்குவதற்குள் டீ ஆறிவிடும்.

இரண்டு நாள் ஒப்பேற்றினேன். மூன்றாவது நாள் தொழுகைக்குப் போய்விட்டு வந்த பாய், தொப்பியைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"முடிச்சுட்டியா? தம்பியப் பாத்தானா?"

'சிடி போச்சு பாய்' என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தைதான்.

"பாத்துட்டான் பாய்," என்றேன். அதற்குப் பிறகு என் வாயை நான் கட்டுப்படுத்தவில்லை. கதவைத் திறந்தது சின்னவன்தான் என்றேன். அண்ணன் வருவான் என்று அத்தனை வருடமாக அந்த மாடியிலேயே காத்திருந்தான் என்றேன். இரண்டு பேரும் பேசாமல் நின்றார்கள், பிறகு பெரியவன் 'சாப்டியாடா' என்று கேட்டான், அவ்வளவுதான், மழை நின்றுவிட்டது, ஊர் முழுக்கத் தூங்கியது என்று முடித்தேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. (என்ன திறமை!)

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த வாரம் நான் போனபோது மேஜை மேல் ஒரு தூக்குவாளி இருந்தது. பிரியாணி.

"பேகம்பூர்ல என் தம்பி ஜாபர் வீட்டுக்குப் போயிருந்தேன் குணா. ஆறு வருஷமாச்சு அவன்கிட்டப் பேசி. கதவத் தட்டிட்டு என்ன சொல்றதுன்னு தெரியல. சாப்டியாடான்னு கேட்டேன்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். திறந்த வாயில் பிரியாணியைப் போட்டுக்கொண்டேன்.

இரண்டு வருடம் போனது. நான் எம்.எஸ்ஸி. சேர்ந்துவிட்டேன். ஒரு நாள் பாயே கம்ப்யூட்டர் பத்திரிகையை விரித்துக் காட்டினார். அந்தக் கேமின் இரண்டாம் பாகம்! அவர் முகத்தில் தீபாவளிக் களை. எனக்கோ, குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று பயம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் நிஜமாக என்னதான் நடந்தது? இரண்டு வருடமாக எனக்குள் அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது.

அதற்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். எங்கள் ஊர்க் கடையில் கார்டு என்றதும் 'ரேஷனா, பான் கார்டா?' என்றார்கள். பாய் சென்னைக்கே பஸ் ஏறிப் போய்க் கார்டும் சிடியும் வாங்கி வந்தார். ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் படம் போடுவது மாதிரி ஏற்பாடு. வழக்கமாக வரும் பையன்கள் ஏழெட்டுப் பேர், பாயின் மகள் நஸ்ரின், அப்புறம் நான் அதுவரை பார்த்தே இராத ஜாபர் பாய்.

"இவருதான் கதை சொன்ன தம்பி," என்று பாய் அறிமுகப்படுத்தினார்.

ஜாபர் பாய் என் கையைப் பிடித்தார். விடவில்லை. "நல்லா இருக்கணும் அப்பு," என்றார். அந்தக் கையை எங்காவது கொண்டுபோய் ஒளித்து வைக்கலாம் போலிருந்தது.

கேம் ஆரம்பித்தது. ஆரம்பத்திலேயே கூட்டம் இரண்டாகிவிட்டது. "படம் கண்ணாடி மாதிரி இருக்குல்ல!" என்றது ஒரு கோஷ்டி. "ஏலே, எல்லாம் சின்னச் சின்ன ரூமா இருக்கு, கதவத் திறக்க ஒரே வழிதான் இருக்கு, கெடுத்துட்டாய்ங்க," என்றது இன்னொரு கோஷ்டி. நான் மைக் பிடிக்காத குறையாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவது நிமிடம், மொட்டை மாடி. அதே மழை. நடுவில் ஒரு கல், அதில் ஏதோ எழுத்து. அதன் முன்னால் ஒரு பெண் நின்று பேச ஆரம்பித்தாள். இந்த முறை எனக்கு எல்லா வார்த்தையும் புரிந்து தொலைத்தது. படித்த படிப்பு வீண் போகவில்லை. பெரியவன் தன் தம்பியை இதே மாடியில் சுட்டுக் கொன்றான் என்கிறாள்.

"என்னப்பா சொல்றா?" என்றார் பாய்.

"பெரியவன் தம்பிக்கு வீடு கட்டிக் குடுத்துட்டானாம் பாய்."

"சமாதி மாதிரில்ல இருக்கு?" என்றார் ஜாபர் பாய்.

"வெளிநாட்டுல வாசப்படி அப்படித்தாங்க இருக்கும்."

நஸ்ரின் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிளஸ் ஒன், இங்கிலீஷ் மீடியம். அவளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. திரையில் பழைய நாளைக் காட்ட ஆரம்பித்தார்கள். கதவு திறக்கிறது. பெரியவன் கை மெதுவாக உயர்கிறது. கையில் துப்பாக்கி.

நான் காலை நீட்டி மேஜைக்குக் கீழே இருந்த சுவிட்சை ஓங்கி உதைத்தேன். திரை அணைந்தது.

"அய்யோ, கரண்ட் போயிருச்சு பாய்!" என்று கத்தினேன்.

எல்லோரும் மெதுவாக அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தலைக்கு மேல் ஃபேன் ஐந்தாம் நம்பரில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அத்தா," என்றாள் நஸ்ரின். "அண்ணே சொன்னதெல்லாம் பொய். அந்த ஆளு தம்பியச் சுட்டுட்டாராம். முதல் பாகத்தோட முடிவே அதானாம்."

பாய் என் பக்கம் திரும்பினார். "குணா?"

"சிடி ஒன்பதாவது லெவல்ல நின்னுருச்சு பாய்," என்றேன். இரண்டு வருடம் தாமதமாக. "அதுக்கு மேல நான் பாக்கல. நானாத்தான் சொன்னேன்."

ஜாபர் பாய் அண்ணனைப் பார்த்தார். "அப்ப இவன் விட்ட கதையக் கேட்டுத்தான் நீங்க என் வீட்டுக்கு வந்தீகளாண்ணே?"

பாயின் முகம் சிவந்துவிட்டது. கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார். "கதையக் கேட்டு யாராச்சும் வருவாகளா? வரணும் வரணும்னுதான் இருந்துச்சு. என்ன சாக்குச் சொல்லிட்டு வாரதுன்னு தெரியல."

ஜாபர் பாய் என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்கு உயிரே இல்லை. இத்தனை நாள் சேர்ந்திருந்தது என் பொய்யால் மறுபடி பிரிந்துவிடுமோ என்று நினைத்தேன். அவர் அணைந்து கிடந்த திரையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அந்தத் தம்பி செத்துட்டான், சரி. இந்தத் தம்பிக்குப் பசிக்குதுண்ணே. வாங்க வீட்டுக்கு."

முதலில் சிரித்தது நஸ்ரின். பிறகு பாய். பையன்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். நான் ஓரமாக மாடிப்படி இறங்கப் பார்த்தேன். ஜாபர் பாய் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்றைய பிரியாணி தொண்டையில் இறங்கவில்லை. (இரண்டாவது தட்டு கொஞ்சம் இறங்கியது.)

நான் உதைத்த உதையில் ஹார்டு டிஸ்க் காலி. வேறு டிஸ்க் போட்ட பிறகும் பாய் அந்தக் கேமை ஏற்றவிடவில்லை. சிடியை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுச் சொன்னார்: "ரெண்டாம் பாகத்தையும் நீயே சொல்லிரு. ஆனா சொல்லும்போதே சொல்லணும், இது நானா சொல்றதுன்னு." அப்படி நான் சொன்ன இரண்டாம் பாகம் மூன்று மாதம் ஓடியது. ஜாபர் பாய் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. சிடியில் இருப்பதுதான் சரியான கதை, அண்ணன்கள் எல்லாம் சுடுகிற ஜாதிதான் என்பார். அதை வைத்து அவர்கள் இருவரும் வாரம் ஒரு சண்டை போடுவார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டே.

என் கல்யாணத்துக்கு வந்த அண்ணனும் தம்பியும் மேடை ஏறி என் மனைவியிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள். அன்றிலிருந்து என் வீட்டில் நான் எதைச் சொன்னாலும், ஆபீசில் லேட் என்றாலும், பஸ் பஞ்சர் என்றாலும், அவள் பதில் பேசமாட்டாள். அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பாள். இப்போது என் மகளும் பார்க்கிறாள்.

போன வருடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்து, அந்த இரண்டாம் பாகத்தை முதலிலிருந்து கடைசிவரை விளையாடி முடித்தேன். இணையத்தில் பார்த்தால் உலகம் முழுக்க இன்னும் அதைப் பற்றி அடித்துக்கொண்டிருக்கிறார்கள், பாழாக்கிவிட்டார்கள் என்று பாதிப்பேர், நீங்கள் சரியாக விளையாடவில்லை என்று பாதிப்பேர். எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அதைச் சொல்வதற்காகவே நாகல் நகருக்குப் போனேன். அண்ணனும் தம்பியும் பாய் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாய், அந்த ரெண்டாம் பாகத்த முழுசா முடிச்சுட்டேன். நல்லாத்தான் இருக்கு பாய். கடைசியில பெரியவன் அந்தக் கல்லு முன்னாடி வந்து உக்காந்து தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்குறான்."

இரண்டு பேரும் அண்ணாந்தார்கள். மேலே ஃபேன் அசையாமல் நின்றிருந்தது. காலையிலிருந்து தெரு முழுக்கக் கரண்ட் இல்லையாம்.

"கேட்டானாம்ணே," என்றார் ஜாபர் பாய்.

"கேக்கட்டும்," என்றார் சிக்கந்தர் பாய். "இன்னைக்கு நம்புவோம்."